யாருடைய சாண்?

எங்கள் வீட்டில் வெள்ளியை எடை போடுகிற நேரம் வந்தால் முதலில் ஃபேன் நிற்கும். அப்பா யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார். எழுந்து போய் சுவிட்சைத் தட்டிவிட்டு, தெருப்பக்கத்துக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து தராசு முன்னால் உட்காருவார். சித்திரை மாதத்திலும் இதேதான். சேலத்து வெயிலில், பக்கத்திலேயே உலை எரிய, ஃபேன் இல்லாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நீளமான ஐந்து நிமிஷம் என்று தெரியும்.

நான் சிவதாபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கொலுசு வேலைதான். ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் பற்றவைப்பார்கள், வேறொரு வீட்டில் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து சலங்கை கோப்பார்கள். என் மகள் பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற காட்சி இது. ஆனால் போன வாரம்தான் முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"தாத்தா, எடை போடறப்ப எதுக்கு ஃபேனை நிறுத்தறீங்க?"

அப்பா பதில் சொல்லவில்லை. "நீயே பாரு கண்ணு" என்று ஃபேனை மறுபடி போட்டார். தட்டில் ஒன்றும் இல்லை. இருந்தும் தராசின் கடைசி இலக்கம் ஆடியது. 0.01, 0.03, மறுபடி சுழி, மறுபடி 0.02. "காத்து தட்டை அமுக்குது" என்றாள் அவளாகவே. அப்பா தலையாட்டிவிட்டு ஃபேனை நிறுத்தினார்.

அவள் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு. பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகிறது. அறிவியலில் முதல் பாடமே அளவீடுகள். அந்தப் பாடம்தான் அவள் கண்ணைத் திறந்து, பதினொரு வருடமாகப் பார்த்த ஃபேனைப் புதிதாகப் பார்க்க வைத்திருக்கிறது. இரவில் அவளோடு உட்கார்ந்து புத்தகங்களைப் புரட்டியபோது எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. அறிவியலில் மட்டும் இல்லை. கணக்கில் எண்களை மதிப்பிடுகிறார்கள். சமூக அறிவியலில் சிந்துவெளி வருகிறது, அங்கே எடைக்கற்கள் இருக்கின்றன. தமிழ் இலக்கணத்தில் மாத்திரை. இவையெல்லாம் அளப்பதைப் பற்றிய பாடங்கள். நாலு பாடவேளைகளில், நாலு தனித்தனி நோட்டுகளில், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவைபோல எழுதிக்கொண்டு வருகிறார்கள் பிள்ளைகள்.

அவளுடைய அறிவியல் டீச்சர் நல்லதாக ஒன்று செய்திருக்கிறார். பாடத்தைத் தொடங்கும் முன்பே பெஞ்சை ஆளுக்கு ஆள் சாணால் அளக்கச் சொல்லியிருக்கிறார். ஒருத்திக்கு ஒன்பது சாண், இன்னொருவனுக்கு எட்டரை, வகுப்பிலேயே உயரமான பையனுக்கு எட்டுக்கும் கீழே. சண்டை வந்துவிட்டது. எல்லோரும் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள், பெஞ்சும் ஒரே பெஞ்ச்தான். "அப்ப யாரோட சாண் கரெக்டு?" என்று கேட்டுவிட்டு டீச்சர் பதில் சொல்லாமல் மணி அடிக்கும்வரை விட்டுவிட்டாராம். என் மகள் வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் இந்தக் கதையைத்தான் சொன்னாள். அந்த டீச்சரை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன்.

நான் ஆறாவது படித்தபோது இதே பாடம் வேறு மாதிரி வந்தது. கிலோ, ஹெக்டோ, டெக்கா, டெசி, சென்டி, மில்லி. மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை மனப்பாடம். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினேன். அதே வாரம் வீட்டில் நடந்தது இன்னும் மறக்கவில்லை.

எங்கள் தொழிலில் வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். கொலுசாகச் செய்து, எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உருக்கும்போதும் ராவும்போதும் கொஞ்சம் குறையும். அதற்குச் சேதாரம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். அந்த வாரம் அப்பா கொண்டுபோன கொலுசுகள் வியாபாரியின் தராசில் மூன்று கிராம் குறைவாகக் காட்டின. எங்கள் வீட்டுத் தராசில் சரியாக இருந்தது. இரண்டு தராசுகளும் ஒரே அறையில் இருந்ததில்லை, ஒரே எடைக்கல்லைப் பார்த்ததும் இல்லை. எது சரி என்று யார் சொல்வது? வேலை கொடுப்பவர் தராசுதான் சரி. மூன்று கிராம் வெள்ளிக்கான காசைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா சண்டை போடவில்லை, போட்டால் அடுத்த வாரம் வெள்ளி வராது. அன்று ராத்திரி அவர் எங்கள் எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, தட்டு மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டெக்கா, ஹெக்டோ படித்துக்கொண்டிருந்தேன். பத்து மில்லிகிராம் ஒரு சென்டிகிராம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பா அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரியாது. அவர் தன் தராசு பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிய இருபது வருடம் ஆனது.

கடைத் தராசுகளுக்கு அரசு முத்திரை போட வேண்டும், மின்னணுத் தராசு என்றால் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும், தமிழ்நாட்டில் இந்த வேலையைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. இதெல்லாம் எங்கள் புத்தகத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பாடம் எனக்கு வேறு பாடமாக இருந்திருக்கும். அளவு என்பது கூலி. எங்கள் தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இது தெரியும். பாடத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதனால்தான் இந்த முறை நானும் கூடவே இறங்கிவிட்டேன்.

அப்பாவிடம் ஒரு பழைய தகர டப்பா இருக்கிறது. அவருடைய அப்பா காலத்தது. உள்ளே குன்றிமணிகள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதைகளைத்தான் அந்தக் காலத்து ஆசாரிகள் எடைக்குப் பயன்படுத்தினார்கள். "எல்லாக் குன்றிமணியும் ஒரே எடையா இருக்குமா தாத்தா?" என்றாள். "நிறுத்துப் பாரு." ஃபேன் நின்றது. (ஒன்று சொல்லிவிடுகிறேன்: குன்றிமணி கடும் நஞ்சு. கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவே கூடாது. நாங்கள் வேலை முடிந்ததும் கை கழுவி, டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டோம்.)

ஒவ்வொன்றாக வைத்தாள். 0.11, 0.10, 0.12, 0.09, 0.11, ஒன்று 0.13. பத்தையும் சேர்த்து வைத்தபோது 1.09 கிராம். அதை நோட்டில் எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விதையை நம்ப முடியாது, ஆனால் பத்தைச் சேர்த்தால் கொஞ்சம் நம்பலாம் என்று அவளாகவே சொன்னாள். சராசரி என்கிற சொல் அவளுக்கு இன்னும் வகுப்பில் வரவில்லை. அந்தச் சொல் வரும்போது அது எதைச் சொல்கிறது என்று அவள் கை ஏற்கெனவே அறிந்திருக்கும். எனக்கு அது போதும்.

அடுத்த நாள் சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் கிடைத்த எடைக்கற்கள் பெரும்பாலும் கனசதுரமாகச் செதுக்கிய கற்கள். சிறியவை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று இரட்டிப்பாகப் போகும். பதினாறு மடங்கு உள்ள கல் ஏறக்குறைய 13.7 கிராம். அப்படியென்றால் ஒன்று என்பது? பதினாறால் வகுத்தாள். 0.86 கிராம் அளவு வந்தது. அப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எட்டுக் குன்றிமணி" என்றார். எங்கள் பத்து விதைகளின் கணக்குப்படி எட்டு விதை 0.87 கிராம். இதை வைத்து எதையும் நிரூபிக்க நான் வரவில்லை. நம் வீட்டு டப்பாவில் இருந்த விதைகள் அவை, அவ்வளவுதான். ஆனால் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வியாபாரியும் என் அப்பாவும் ஒரே தட்டின் இரண்டு பக்கம் உட்கார்ந்ததுபோல ஒரு கணம் இருந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அந்த இரட்டிப்பு ஏன் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் முதலில் தெரியவில்லை. காகிதத்தைக் கிழித்து 1, 2, 4, 8, 16 என்று எழுதி வைத்துக்கொண்டு விளையாடினோம். ஐந்து வேண்டுமா? நாலும் ஒன்றும். பதினொன்று? எட்டும் இரண்டும் ஒன்றும். ஒவ்வொரு கல்லும் ஒன்றே ஒன்று இருந்தால் போதும், 1 முதல் 31 வரை எதையும் நிறுத்துவிடலாம். ஐந்தே கற்கள்! அப்பாவின் பழைய பித்தளைப் பெட்டியில் 1, 2, 2, 5 என்று இருக்கும். அதில் ஒன்று முதல் பத்து வரை வரும். "நம்ம பெட்டியில ரெண்டு ரெண்டா இருக்கே, அவங்க அதே நாலு கல்லுல பதினஞ்சு வரைக்கும் நிறுத்திடுவாங்க" என்றாள். ஆனால் நம்முடையது பத்துப் பத்தாக எண்ணுகிற கணக்குக்குத் தோது. தசம முறைக்கு நாம் வந்தது அப்படி ஒன்றும் நெடுங்காலத்துக்கு முன்னால் இல்லை. எடை அளவுகளுக்கான சட்டம் வந்தது 1956-இல். ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆனது 1957 ஏப்ரல் 1 முதல். அப்பாவின் அப்பா கடைசிவரை தோலாவில்தான் யோசித்தார். ஒரு தோலா என்பது 11.66 கிராம். கிராமில் கேட்டால் மனதுக்குள் தோலாவாக்கி, கூட்டிக் கழித்துவிட்டு மறுபடி கிராமாகச் சொல்வாராம். இன்றும் தங்கத்துக்கு நாம் எட்டு கிராம் என்று சொல்வதில்லை, பவுன் என்றுதான் சொல்கிறோம்.

மீட்டரும் கிலோகிராமும் எங்கிருந்து வந்தன என்பது அவளை ஆட்டிவைத்த அடுத்த கேள்வி. பிளாட்டினம்-இரிடியத்தால் செய்த ஒரு கம்பிதான் 1889 முதல் 1960 வரை உலகத்துக்கே மீட்டர். அதே உலோகக் கலவையில் செய்த ஓர் உருளைதான் கிலோகிராம். பாரிஸ் பக்கத்தில் செவ்ரே என்ற ஊரில் பூட்டி வைத்திருந்தார்கள். நாடுகளுக்கு நகல்கள் போயின. இந்தியாவிடம் இருப்பது 57-ஆம் எண் நகல், டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில்.

"அந்தக் கட்டி தேஞ்சு போச்சுன்னா?"

ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்ட இந்தக் கேள்விதான் விஞ்ஞானிகளையும் தூங்கவிடாமல் செய்த கேள்வி. மூலக் கட்டியையும் நகல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரு நூற்றாண்டில் அவற்றுக்கிடையே ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்திருந்தது. அப்பாவின் தராசு காட்டக்கூடிய மிகச் சிறிய எடையில் இருநூறில் ஒரு பங்கு. எது மாறியது, மூலமா நகலா என்று கேட்கவே முடியாது. மூலம்தான் கிலோ என்று வரையறுத்துவிட்டதால், அது தேய்ந்தால் கிலோ தேயாது, உலகத்தில் மற்ற எல்லாமே கனத்துவிடும்! இதைக் கேட்டதும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம வியாபாரி தராசு மாதிரி" என்றார். அந்தக் கட்டியின் அதிகாரம் 2019 மே 20 அன்று முடிந்தது. இப்போது கிலோகிராமை பிளாங்க் மாறிலி என்கிற, தேயாத, திருட முடியாத ஓர் எண்ணிலிருந்து வரையறுக்கிறார்கள். மீட்டருக்கு அது 1983-லேயே நடந்துவிட்டது. ஒளி ஒரு நொடியில் போகிற தூரத்தில் 29,97,92,458-இல் ஒரு பங்குதான் மீட்டர். எந்த ஊரிலும், எந்த முதலாளிக்கும் ஒரே அளவு.

தமிழ்ப் பாடத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கண் இமைக்கிற நேரம், அல்லது கை நொடிக்கிற நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. சேலம் என்றால் சே இரண்டு, ல ஒன்று, ம் அரை, மொத்தம் மூன்றரை. ஏற்காட்டுக்கு ஐந்தரை என்று எழுதியிருந்தாள். கடைசி டு குற்றியலுகரம், அங்கே அது அரை மாத்திரையாகக் குறுகிவிடும், அதனால் ஐந்துதான் என்று நான் சொன்னேன். ஏழாம் வகுப்பில் விளக்கமாக வரும். இப்போதைக்கு உதட்டைக் குவிக்காமல் அந்த டு-வைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். "காடு... காடு..." என்று பத்து தடவை சொல்லிவிட்டு, "ஆமாம்மா, பாதியிலேயே நிக்குது" என்றாள்.

பிறகு வழக்கம்போல அவளுடைய சந்தேகம். ஃபோனில் நேரம் வைத்துக்கொண்டு பத்து முறை கை நொடித்தாள். தாத்தாவையும் நொடிக்கச் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரம் வரவில்லை. "அப்ப இதுவும் சாண் மாதிரிதானே? யாரோட நொடி?"

நான் அன்று ராத்திரி முழுக்க இதை யோசித்தேன். சாண் ஆளுக்கு ஆள் மாறுவதால் பெஞ்சை அளக்க உதவாமல் போனது. மாத்திரையும் ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஆனால் ஈராயிரம் வருடமாக உதவிக்கொண்டிருக்கிறது. ஏன்? அவசரமாகப் பேசுகிறவருக்கும் சரி, நிதானமாகப் பேசுகிறவருக்கும் சரி, அவரவர் குறிலைப்போல் அவரவர் நெடில் இரண்டு மடங்கு. மாத்திரை கடிகாரத்தை அளக்கவில்லை, ஒருவர் வாயில் வரும் ஒலிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. அதாவது விகிதம். அவள் கணக்குப் புத்தகத்தில் மூன்றாவது பாடமாகக் காத்திருக்கிற அதே விகிதம்.

காலையில் இதைச் சொன்னதும் அப்பா பக்கத்திலிருந்தே பிடித்துக்கொண்டார். "டச்சும் அப்படித்தான் கண்ணு. எண்பது டச் கொலுசுன்னா, நூறு கிராமுல வெள்ளி எவ்வளவு?" எண்பது என்றாள். "செம்பு?" இருபது. "கால் கிலோ கொலுசுல?" விரல் விட்டாள், உதட்டைக் கடித்தாள், இருநூறும் ஐம்பதும் என்றாள். நாலுக்கு ஒன்று. கொலுசு பெரிதானாலும் சிறிதானாலும் நாலுக்கு ஒன்று. டீச்சர் அந்தப் பாடத்தை இன்னும் தொடங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போனோம். சுற்றிப் பார்க்கப் போனதாகச் சொல்ல முடியாது, வளைகோட்டை நூலால் அளக்கும் பயிற்சிக்காகத்தான் போனோம். வரைபடத்தில் சாலைமீது நூலை ஒட்டி வைத்து, பிறகு நிமிர்த்தி அளவுகோலில் வைக்க வேண்டும். நேர்கோட்டில் பார்த்தால் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 14 கிலோமீட்டர்தான். சாலையோ அதைப்போல் இரண்டு மடங்கு. கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் பஸ் ஏறத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது, இருபது வரை. ஒவ்வொரு வளைவிலும் நூலில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டில் கூடையோடு வந்த மலைக்காரப் பாட்டி ஒருவர் ஏழாவது வளைவிலிருந்து அவளுக்காகச் சத்தமாக எண்ணத் தொடங்கிவிட்டார்.

நூல் சொன்ன தூரம், ஃபோன் சொன்ன தூரத்தைவிடக் குறைவாகவே வந்தது. இரண்டு தடவை அளந்தும் அப்படித்தான். முகம் வாடிவிட்டது. ஏரிக்கரையில் உட்கார்ந்து வரைபடத்தை உற்றுப் பார்த்தோம். பல வளைவுகளை வரைபடம் சின்ன நெளிவாக்கியிருந்தது, சிலவற்றை நிமிர்த்தியே விட்டிருந்தது. இன்னும் பெரிய வரைபடத்தில் அளந்தால் சாலை நீளும். ரோட்டிலேயே நூலைப் போட்டுக்கொண்டு நடந்தால் இன்னும் நீளும். நூலில் தப்பில்லை, அவள் கையிலும் தப்பில்லை. தப்பு வரும் இடத்தைக் கண்டுபிடித்தால் அதுவும் விடைதான் என்று அவளிடம் சொன்னேன். நோட்டில் விடைக்குப் பக்கத்தில் ஏன் குறைகிறது என்று மூன்று வரி எழுதினாள். டீச்சர் மதிப்பெண் குறைப்பாரோ என்று பயம். குறைத்தாலும் அந்த மூன்று வரியை அழிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

சேர்வராயன் கோவில் வரைக்கும் போனோம். மலையின் உச்சி, 5,326 அடி. அது எத்தனை மீட்டர் என்று அங்கேயே கணக்குப் போட வேண்டும் என்றாள். ஓர் அடிக்கு 30.48 சென்டிமீட்டர். சாரல் நோட்டின்மேல் விழ விழ, என் முந்தானையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பெருக்கினாள். ஒரு தடவை தசமப் புள்ளி இடம் மாறி, சேர்வராயன் மலை பதினாறு கிலோமீட்டர் உயரம் என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்த உடனே, "இருக்காதும்மா, எவரெஸ்ட்டே ஒன்பது கிலோமீட்டர் இல்லையே" என்று அவளே அடித்தாள். எனக்கு அந்த நாளில் மிகப் பெரிய மகிழ்ச்சி அதுதான். சரியான விடை 1,623 மீட்டர், அது அடுத்த நிமிஷம் வந்தது. ஆனால் தப்பான விடை மூக்கில் இடிக்க வேண்டும், அது இடித்துவிட்டது. கணக்குப் பாடத்தில் மதிப்பீடு என்று ஒரு பகுதி வைத்திருப்பது இதற்காகத்தான். முதலில் உத்தேசமாகச் சொல், பிறகு அள. வகுப்பில் நேரம் போதாமல் முதல் பாதியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பள்ளியிலும் ஆறாம் வகுப்புக்கு ஒரு நல்ல தராசு வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் தொட்டு, தப்பாக வைத்து, மறுபடி வைக்கக்கூடிய தராசு. இடமாறு தோற்றப்பிழை என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் படம் வரைவதற்கு முன்பு, அளவுகோலைச் சாய்ந்து பார்த்து ஏமாந்த அனுபவம் ஒவ்வொரு கண்ணுக்கும் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் இதற்கு ஆள் பஞ்சம் இல்லை. அம்மாபேட்டையில் பாவு நீளத்தைக் கண்ணாலேயே சொல்கிற நெசவாளிகள் இருக்கிறார்கள். பூக்கடையில் முழம் போடுகிற அக்காக்கள் இருக்கிறார்கள். ஒரு பாடவேளைக்கு அவர்களைக் கூப்பிட்டால் வர மாட்டார்களா? என் அப்பா கட்டாயம் வருவார். சட்டை மாற்றிக்கொண்டு, பித்தளைப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்.

நேற்று இரவு அவளுடைய அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கட்டம் போட்டிருந்தாள். தாத்தா சாண் 22.5 செ.மீ., அம்மா சாண் 19.8 செ.மீ., என் சாண் 17.4 செ.மீ. பக்கத்தில் தேதி. அதற்கு அடுத்து இன்னும் நாலு பத்திகள் கோடு மட்டும் போட்டு, காலியாக. எதற்கு என்று கேட்டேன்.

"உங்க ரெண்டு பேரோடதும் மாறாது. என்னோடது மாறும்ல" என்றாள்.